வானம் பார்த்தவர் வைத்த சிவப்புப் புள்ளி

நம்ம ஊர் சினிமாவுல ஒரு காட்சி அடிக்கடி வரும். வில்லன் நெத்தியில திடீர்னு ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். அவன் குனிஞ்சு பார்ப்பான், புள்ளி நெஞ்சுக்கு இறங்கும், பின்னணியில டொய்ங்னு ஒரு சத்தம். அது லேசர். துப்பாக்கியிலிருந்து கிளம்பி எதிராளி மேலேயே விழுகிற வெளிச்சம்.

நான் இன்னைக்கு எழுதப் போறது அதைப் பத்தி இல்லைங்க. ரெட் டாட் சைட் என்பது வேற ஜாதி. அதுல இருக்கிற சிவப்புப் புள்ளி சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எதிரே இருக்கிற அட்டைக்கோ ஆளுக்கோ ஒண்ணும் தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடி வழியா பார்த்தா, இலக்கு மேல ஒரு புள்ளி மிதக்குற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஒரு தொலைநோக்கிப் பைத்தியத்துக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. மொட்டை மாடியில நான் வச்சிருக்கிற சின்னத் தொலைநோக்கி மேல இதே ரெட் டாட்தான் உட்கார்ந்திருக்கு. வியாழனைத் தேடிப் பிடிக்கிறதுக்கு பிளாஸ்டிக்ல செஞ்ச மலிவு சரக்கு, தொலைநோக்கி வாங்கும்போது கூடவே வந்தது. அந்தப் பக்கம் ஹூஸ்டன்ல இருக்கிற எங்க அத்தான் பிஸ்டல்ல மாட்டுறதுக்கு இதே சாமானைத் தேடிக்கிட்டிருந்தார். ஒண்ணு 40 டாலர், இன்னொண்ணு 500 டாலருக்கு மேல. "ஏண்டா, ஒரு புள்ளிக்கு இவ்வளவு வித்தியாசமா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாறு முழுக்க அகப்பட்டது.

டப்ளின்காரர்

கதை தொடங்குறது அயர்லாந்தின் டப்ளின்ல. ஹோவர்ட் கிரப்னு ஒரு தொலைநோக்கி செய்கிறவர். அப்பா தாமஸ் கிரப் ஆரம்பிச்ச தொழில். வியன்னா வான் ஆய்வகத்தின் 27 அங்குலத் தொலைநோக்கி இவங்க பட்டறையில செஞ்சதுதான். நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. பூனாவுல 1888-ல் பேராசிரியர் நேகம்வாலா ஒரு வான் ஆய்வகம் அமைச்சார். பாவ்நகர் மகாராஜா கொடுத்த நன்கொடையில் ஆரம்பிச்சது. அங்கே இருந்த 20 அங்குலத் தொலைநோக்கி கிரப் கம்பெனி செஞ்சது. 1912-ல் அந்த ஆய்வகத்தை மூடினப்போ, அந்தத் தொலைநோக்கி நம்ம கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. பாவ்நகர் தொலைநோக்கின்னு பேர்.

அதே ஹோவர்ட் கிரப் 1900-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். நட்சத்திரத்துக்கு இல்லை, துப்பாக்கிக்கு.

அவர் யோசனை எவ்வளவு எளிமைன்னு பாருங்க. ஒரு லென்ஸோட குவியத்துல ஒரு குறியை வச்சு வெளிச்சம் போட்டா, லென்ஸைத் தாண்டி வர்ற கதிர்கள் இணையாகப் போகும். இணையான கதிர்களைப் பார்க்கிற கண்ணுக்கு, அந்தக் குறி ரொம்ப ரொம்பத் தொலைவுல, நட்சத்திரம் மாதிரி இருப்பதாகத் தோணும். அந்தக் கதிர்களை ஒரு கண்ணாடித் தகட்டுல பட்டுத் திரும்ப வச்சு, அதே தகடு வழியா இலக்கையும் பார்த்தா, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும். தலையைக் கொஞ்சம் இடது வலது ஆட்டினாலும் குறி இலக்கை விட்டு நகராது. நிலா நம்ம கூடவே வர்ற மாதிரி தோணுதே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

இதுல என்ன பெரிய லாபம்? பழைய இரும்புக் குறிகள்ல மூணு விஷயத்தை ஒரே கோட்டுல கொண்டு வரணும். பின்னாடி ஒரு பள்ளம், முன்னாடி ஒரு முள், அதுக்கு அப்பால இலக்கு. கண்ணு ஒரே நேரத்துல மூணு தூரத்துல குவிய முடியாது. அதனால முன் முள்ளைத் தெளிவாப் பார், இலக்கு மங்கலாத் தெரிஞ்சாப் போதும்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. பிஸ்டல்ல ரெண்டு குறிக்கும் நடுவுல சுமார் 15 செ.மீ. தான். அந்த முள் ஒரு மில்லிமீட்டர் பிசகினா, 25 மீட்டர்ல குண்டு 16 செ.மீ.க்கு மேல தள்ளிப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்க.

கிரப் போட்ட கணக்குல மூணு ரெண்டாச்சு. புள்ளி, இலக்கு. புள்ளியும் தொலைவுலயே தெரியுறதால கண்ணு இலக்கை மட்டும் பார்த்தாப் போதும்.

யோசனை சரி, ஆனா வெளிச்சத்துக்கு எங்கே போறது? பட்டப்பகல்ல கண்ணுக்குத் தெரியுற அளவு வெளிச்சம் கொடுக்கிற சின்ன விளக்கு 1900-ல் ஏது? கையில தூக்குற துப்பாக்கிக்கு இது ஒத்து வரலை.

ஆகாயத்துல போய்த் திரும்பினது

விளக்கையும் மின்சாரத்தையும் சுமக்கக்கூடிய வண்டி ஒண்ணு இருந்தது. போர் விமானம். 1918-ல் ஜெர்மனியின் ஆய்கீ கம்பெனி செஞ்ச பிரதிபலிப்புக் குறிகளை அல்பட்ராஸ், ஃபோக்கர் விமானங்கள்ல மாட்டிப் பார்த்தாங்க. ரெண்டாம் உலகப் போருக்குள்ள இது வழக்கமாயிடுச்சு. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள்ல பார் அண்ட் ஸ்ட்ரவுட் கம்பெனியின் குறி. ஜெர்மானியர்கள் பக்கம் ரெவி.

இங்கே ஒரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்பிட்ஃபயர் விமானி உட்காருற இடத்துலேயே, அந்தக் குறிக்கான உபரி பல்புகளைச் செருகி வச்சிருப்பாங்க. சண்டை நடுவுல பல்பு போச்சுன்னா மாத்திக்கணுமே! அதாவது புள்ளி ஒரு நாள் அணையும் என்பதை முதல் நாளிலிருந்தே எல்லாரும் தெரிஞ்சுதான் வச்சிருந்தாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

போர் முடிஞ்ச கையோட அமெரிக்காவுல வேட்டைத் துப்பாக்கிக்கு நைடார்னு ஒரு குறி வந்தது. பல்புக்குப் பதிலா வெளி வெளிச்சத்தையே பிடிச்சுக் குறியைக் காட்டும். சாயங்காலமானா குறியும் சேர்ந்து மங்கிடும். வேட்டைக்காரனுக்கு முக்கியமான நேரமே அதுதானே!

அடுத்து, மலிவு விலை வரலாற்றுல தங்க எழுத்துல பொறிக்க வேண்டிய சம்பவம். 1970 நவம்பர் 21 அதிகாலை, ஹனோய்க்கு மேற்கே சோன் டே சிறை முகாம்ல அமெரிக்கச் சிறப்புப் படை இறங்கினது. போர்க் கைதிகளை மீட்கிறது திட்டம். ராத்திரிச் சண்டைக்கு ஒத்து வர்ற குறி ராணுவக் கிடங்குல இல்லை. என்ன செஞ்சாங்க? கடைச் சரக்கா வித்துக்கிட்டிருந்த சிங்கிள்பாயிண்ட் என்ற குறியை வாங்கி மாட்டினாங்க. உலகத்தின் பணக்கார ராணுவம், பொதுமக்கள் வாங்குற சாமானை வாங்கினது!

சிங்கிள்பாயிண்ட் ஒரு வேடிக்கையான வஸ்து. அது வழியா ஒண்ணுமே தெரியாது. முன்பக்கம் அடைச்ச குழாய். வலது கண்ணுக்கு இருட்டுல ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும், இடது கண்ணுக்கு இலக்கு தெரியும். ரெண்டையும் ஒட்ட வைக்கிறது மூளையோட வேலை. ஒரு கண்ணை மூடினா ஆட்டம் க்ளோஸ். கண்ணாடிக்கு ஆகுற செலவை மூளை மேல ஏத்தி விட்டுட்டாங்க :-) முகாம்ல கைதிகள் யாரும் இல்லை. சில மாசம் முன்னாடியே இடம் மாத்தியிருந்தாங்க. அது சோகக் கதை. ஆனா குறி வேலை செஞ்சது.

ஸ்வீடன்காரர் ஒட்டின ரெண்டு லென்ஸ்

1962-ல் ஜெனரல் எலக்ட்ரிக்ல நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். கிரப் 60 வருஷமா காத்துக்கிட்டிருந்த விளக்கு அது. சின்னது, சூடாகாது, கொஞ்சூண்டு மின்சாரம் போதும். (கிரப் 1931-லேயே காலமாயிட்டார், பாவம்.)

1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி முதல் எலக்ட்ரானிக் ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுக்குப் பின்னாடி இருந்தவர் ஜான் எக்ஸ்ட்ராண்ட். இவர் செஞ்ச முக்கியமான வேலை, ரெண்டு லென்ஸ்களை ஒட்டி, ஒட்டின நடுப்பரப்பையே பாதிக் கண்ணாடியாக்கினது. ஒத்தை வளைவுக் கண்ணாடியில ஓரத்துல பார்த்தா புள்ளி கொஞ்சம் நகரும். ரெண்டு லென்ஸ் வச்சா அந்த நகர்வை அமுக்கிடலாம். அந்த நகர்வுக்குப் பேர் பாரலாக்ஸ். 40 டாலர் சரக்குக்கும் நல்ல சரக்குக்கும் முதல் வித்தியாசம் இங்கேயே தொடங்குது.

ரெண்டாவது வித்தியாசம் பேட்டரி. எய்ம்பாயிண்டின் 2000-ம் வருஷத்து மாடல் சுமார் 10,000 மணி நேரம் எரிஞ்சது. 2007-ல் வந்த மைக்ரோ 50,000 மணி நேரம். அஞ்சு வருஷத்துக்கு மேல அணைக்காமலே விடலாம். 1997-ல் அமெரிக்க ராணுவமும் ஒப்பந்தம் போட்டது. எம்68-ன்னு அவங்க வச்ச பேர்.

இதெல்லாம் நீளத் துப்பாக்கிக் கதை. பிஸ்டலுக்கு எப்போ வந்தது?

பிஸ்டல் மேல ஏறினப்போ

போட்டிக்காரங்க மூலமாத்தான். 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுல நடந்த ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டியில டக் கோனிக் ரெட் டாட் மாட்டின பிஸ்டலோட ஜெயிச்சார். அப்புறம் என்ன, ஆளாளுக்கு மாட்ட ஆரம்பிச்சாங்க. இந்தச் சங்கதி வேணும்னா ஓப்பன் பிரிவுக்குப் போ, இல்லைன்னா தனிப் பிரிவுன்னு போட்டியையே பிரிக்க வேண்டியதாப் போச்சு.

ஆனா அந்த 1990 பிஸ்டல்கள் பார்க்க வேற மாதிரி இருக்கும். பெரிய குழாய் மாதிரிக் குறி, அதைத் தாங்குற ஒரு கவசம், அது பிஸ்டலின் உடம்போட பிணைச்சிருக்கும். மேல ஓடுற ஸ்லைடு அதுக்கு அடியில தனியா ஓடும். இடுப்புல சாதாரண உறையில செருக முடியாது.

ஏன் ஸ்லைடு மேலேயே வைக்கலை? அங்கேதான் விலையின் ரகசியம் இருக்கு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஸ்லைடு படார்னு பின்னாடி போய் இடிச்சு, ஸ்பிரிங் தள்ள மறுபடி முன்னாடி வந்து இடிக்கும். அது மேல உட்கார்ந்திருக்கிற எதுவா இருந்தாலும் ஒரு குண்டுக்கு ரெண்டு இடி. ஒரு சாயங்காலம் 100 குண்டு சுட்டா 200 இடி. கண்ணாடி விரியும், பேட்டரி தொடுப்பு விலகும், எல்.இ.டி. இடம் மாறும், திருகாணி தளரும். தொலைநோக்கி மேல இருக்கிற என் புள்ளிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. காத்துல கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

1990-கள்ல ஜெர்மனியின் டாக்டர் கம்பெனி தீப்பெட்டி அளவுல, சில பத்து கிராம் எடையில ஒரு குறி செஞ்சது. எடை குறைஞ்சா இடியின் வேகமும் குறையுமே. 2009-ல் டிரிஜிகான் ஆர்.எம்.ஆர். வந்தது. கெட்டியான அலுமினியம், மேல்பக்கம் ஆந்தைக் காது மாதிரி ரெண்டு மூலை. கீழே விழுந்தா அடியைக் காது வாங்கிக்கும், கண்ணாடி தப்பிக்கும். அதுலயே 2017-ல் மின்சுற்றை இன்னும் வலுப்படுத்தி ரெண்டாம் வகை விட்டாங்க. 2015-ல் கிளாக் கம்பெனி தொழிற்சாலையிலேயே பள்ளம் வெட்டின ஸ்லைடை எம்.ஓ.எஸ். என்ற பேர்ல கொடுத்தது. 2017-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டல்லயும் குறி மாட்ட இடம் இருந்தது.

அப்புறம் சீனாவுல தயாராகிற ஹோலோசன் வந்தது. ஆர்.எம்.ஆர். உட்காருற அதே திருகாணித் துளை அளவு, விலை 300 டாலர் பக்கம். அசைச்சா எரியும், சும்மா வச்சா அணையும். பேட்டரியைப் பக்கவாட்டுல இழுத்து மாத்தலாம், குறியைக் கழட்ட வேண்டாம். ஆர்.எம்.ஆர்.ல பேட்டரி அடியில இருக்கு, கழட்டித்தான் மாத்தணும். சில விஷயங்கள்ல மலிவு சரக்கு முந்திக்கிட்டது உண்மை.

அத்தானுக்குச் சொன்ன பதில்

அத்தானுக்கு வயசு 56. வெள்ளெழுத்து. கையை நீட்டினா முன் முள் பஞ்சு மாதிரித் தெரியுது. படிக்கிற கண்ணாடி போட்டா முள் தெரியுது, அட்டை காணாமப் போகுது. "பேசாம வித்துட்டு செஸ் ஆடப் போறேன்"ன்னார். 20 வருஷமா சனிக்கிழமை தவறாம கிளப்புக்குப் போய் அட்டையில ஓட்டை போட்டுட்டு வர்ற மனுஷன். துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு எங்களுக்குள்ள நடக்குற சண்டை தனி, அது முடியாது. ஆனா ஒருத்தர் கண்ணு தேயுதுங்கிறதுக்காகப் பிடிச்ச ஒண்ணை விடுறது எனக்குக் கஷ்டமா இருந்தது. அதனால இந்த 100 வருஷக் கதையிலிருந்து எடுத்த சாரத்தை அவருக்கு எழுதி அனுப்பினேன்.

ஒண்ணு. முதல்ல கடைக்குப் போய் ஒரு ரெட் டாட் வழியா சும்மா பாருங்க. புள்ளி வட்டமா இல்லாம வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கிட்டுத் தெரிஞ்சா, செல்போன் கேமராவை அதே கண்ணாடிக்குப் பின்னாடி வச்சு ஒரு படம் எடுங்க. படத்துல வட்டமா இருந்தா, குறை உங்க கண்ணுல. ஆஸ்டிக்மாட்டிஸமா இருக்கும். 500 டாலர் கொடுத்தாலும் அதே வால்தான் தெரியும். கண் டாக்டர்தான் மலிவான வழி.

ரெண்டு. பணத்தைப் புள்ளிக்குக் கொடுக்கலை, இடி தாங்குறதுக்குக் கொடுக்கிறோம். உங்ககிட்ட இருக்கிற 9 எம்.எம். பிஸ்டல்ல குறி ஸ்லைடு மேல உட்காரும். அங்கே 40 டாலர் சரக்கு வேண்டாம். அதே சமயம் ருகர் மார்க் 4 மாதிரி .22 பிஸ்டல்ல மேல்பகுதி அசையவே அசையாது, போல்ட் உள்ளுக்குள்ள ஓடும். இடியும் கம்மி. மலிவுக் குறி அங்கே பல வருஷம் ஓடும். தோட்டாவும் மலிவு.

மூணு. குறியின் விலை முழு விலை இல்லை. பள்ளம் வெட்டாத ஸ்லைடுல மில்லிங் செய்ய 100 முதல் 200 டாலர் வரை ஆகும். பின் குறி இருக்கிற இடத்துல தகடு செருகி மாட்டலாம், செலவு கம்மி. ஆனா குறி உயரமா நிக்கும், பின் குறியும் போயிடும்.

நாலு. துளை அளவைப் பார்த்து வாங்குங்க. டாக்டர் அளவு, ஆர்.எம்.ஆர். அளவு ரெண்டுக்கும் சந்தையில நிறைய உறவுக்காரங்க உண்டு. நாளைக்கு நல்லதா ஒண்ணு வாங்கினா அதே பள்ளத்துல உட்காரும். மில்லிங் காசு வீணாகாது.

அஞ்சு. திருகாணியில எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு, திருகு ஒட்டும் பசை ஒரு சொட்டு விட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்க. குறி கெட்டுப் போச்சுன்னு சொல்றதுல பாதி திருகாணி தளர்ந்ததுதான்னு அவர் கிளப்புக்காரங்களே சொல்றாங்களாம்.

ஆறு. புள்ளி பெருசா சிறுசான்னு குழம்ப வேண்டாம். 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டர்ல சுமார் 2 செ.மீ. மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. எனக்குப் பிடிச்ச அளவுகோல்ல சொன்னா, முழு நிலாவின் அகலம் சுமார் 30 எம்.ஓ.ஏ. 3 எம்.ஓ.ஏ. புள்ளின்னா நிலாவுல பத்துல ஒரு பங்கு.

ஏழு. ஸ்பிட்ஃபயர் விமானியின் உபரி பல்பு ஞாபகம் இருக்கா? வருஷா வருஷம் பொறந்த நாளைக்குப் பேட்டரி மாத்துங்க. முடிஞ்சா இரும்புக் குறியையும் கண்ணாடி வழியா தெரியுற மாதிரி விட்டு வைங்க.

அத்தான் .22 வழியைத்தான் எடுத்தார். 9 எம்.எம்.முக்கு மில்லிங் காசு சேர்ந்தப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டார். சனிக்கிழமை கிளப் தொடருது. செஸ் போர்டு பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம்.

கடைசியா ஒண்ணு. 1970-களின் கடைசியில ஸ்டீவ் குஃபெல்ட்னு ஒரு அமெரிக்க வானியல் ஆர்வலர், இதே பிரதிபலிப்புக் குறியைத் தொலைநோக்கிக்கு ஏத்த மாதிரி செஞ்சார். டெல்ராட்னு பேர். 0.5, 2, 4 பாகை அளவுல மூணு சிவப்பு வட்டங்களை வானத்துல மிதக்க விடும். தொலைநோக்கி செஞ்ச கிரப் துப்பாக்கிக்குக் கொடுத்ததை, துப்பாக்கி எழுபது எண்பது வருஷம் கழிச்சுத் தொலைநோக்கிக்கே திருப்பிக் கொடுத்தது. வட்டியாக எல்.இ.டி.யும் பேட்டரியும்.

கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் போனவங்க யாராவது இருந்தா, பாவ்நகர் தொலைநோக்கியைப் பத்திக் காதுல விழுந்த கதை எதுவா இருந்தாலும் எழுதுங்க மக்கா. வெள்ளெழுத்து வந்தவங்களும் உங்க கண்ணு பண்ற கூத்தை எழுதலாம், தப்பே இல்லை :-)